எல்.எம்.எஸ். என்று எழுதிய பொம்மை இன்ஜின் எங்கே பிறந்தது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் தாத்தா ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் ரைட்டராக வேலை பார்த்தவர். அந்தத் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பியபோது, தம் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்கள் சிலவற்றைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். அவற்றில் இன்று எஞ்சியிருப்பது தகரத்தாலான ஒரு ரயில் இன்ஜின் மட்டுமே. கொலுவில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் ஆண்டுதோறும் அதை வைக்கிறோம். கருஞ்சிவப்பு நிறம், நான்கு சக்கரங்கள், பின்னால் நிலக்கரி டெண்டர். டெண்டரின் பக்கவாட்டில் எல்.எம்.எஸ். என்ற ஆங்கில எழுத்துகளும், பின்புறத்தில் மிகச் சிறியதாக பி, டபிள்யூ என்ற இரண்டு எழுத்துகளும் உள்ளன. இன்ஜினின் பக்கத்தில் சாவி கொடுக்கும் துளை இருக்கிறது, சாவி தொலைந்துவிட்டது. சேலத்தில் பழைய லண்டன் மிஷன் சபையை எல்.எம்.எஸ். என்றுதான் சொல்வார்கள், ஆகவே இது மிஷன் பள்ளிக்கு வந்த பொம்மையாக இருக்கும் என்கிறார் பெரியப்பா. இது ஹார்ன்பி என்று சாதிக்கிறான் என் தம்பி. சக்கரங்களின் இடைவெளியை அளந்தால் 28 மி.மீ. வருகிறது, அப்படி ஓர் அளவே எங்கும் காணோம். இது எந்த நாட்டுப் பொம்மை?
— ஒரு வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: உங்கள் இன்ஜின் ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரில் செய்யப்பட்டது. செய்த நிறுவனம் பிங். காலம் 1923-க்கும் 1930-களின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டது. நீங்கள் எழுதியனுப்பிய விவரங்களும் படங்களுமே இந்த முடிவுக்குப் போதுமானவை. இதே போன்ற பொம்மைகளை வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால், எப்படி இந்த முடிவுக்கு வந்தோம் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் பெரியப்பாவின் ஊகம். லண்டன் மிஷன் சங்கம் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே சேலத்தில் பணியாற்றி வந்தது என்பதால், சேலத்துக்காரர் ஒருவர் அந்த மூன்று எழுத்துகளைப் பார்த்ததும் மிஷனை நினைப்பது இயல்புதான். ஆனால் ஒரு ரயில் டெண்டரின் மேல் அவை வரும்போது 'லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ்' என்ற பிரிட்டிஷ் ரயில்வே கம்பெனியையே குறிக்கும். பிரிட்டனில் சிதறிக்கிடந்த நூற்றுக்கும் மேற்பட்ட ரயில்வே கம்பெனிகளை நான்கு பெரிய கம்பெனிகளாகத் தொகுத்தது 1923 ஜனவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அந்த நான்கில் ஒன்று எல்.எம்.எஸ். அது தன் பயணி ரயில் இன்ஜின்களுக்கு, தன்னோடு இணைந்த மிட்லண்ட் ரயில்வேயின் கருஞ்சிவப்பை எடுத்துக்கொண்டது. 1948 ஜனவரி 1-ஆம் தேதி எல்லாமே அரசுடைமையாகி, அந்தப் பெயரும் மறைந்தது. ஆகவே நிறமும் எழுத்தும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. பிற்காலத்தில் யாரும் வண்ணம் மாற்றிப் பூசவில்லை என்றால் இந்தப் பொம்மை 1923-க்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது.

இங்கேதான் பெரும்பாலோர் வழி தவறுகிறார்கள். பிரிட்டிஷ் ரயில்வேயின் பெயர் எழுதியிருப்பதால் பொம்மையும் பிரிட்டனில் செய்யப்பட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பள்ளிச் சீருடையில் பள்ளியின் பெயர் தைத்திருப்பதைக் கொண்டு தையல்காரர் யார் என்று சொல்லிவிட முடியாது அல்லவா? பக்கவாட்டில் பெரிதாக இருக்கும் எழுத்து, பொம்மை எந்த ரயிலைப் போல் நடிக்கிறது என்பதைச் சொல்கிறது. யார் செய்தார்கள் என்பதை, மறைவான இடத்தில் சிறியதாக இருக்கும் முத்திரைதான் சொல்லும். அந்த முத்திரையைத் தேட வேண்டிய இடங்கள் டெண்டரின் முதுகு, பாய்லரின் முன்கதவு, ஓட்டுநர் அறைக் கூரையின் அடிப்பக்கம், சக்கரங்களுக்கு மேலுள்ள அடித்தகடு ஆகியவை. உங்கள் வீட்டில் யாரோ ஒருவருடைய பெயரின் முதலெழுத்துகள் என்று நினைத்து விட்டுவிட்ட பி, டபிள்யூ என்ற இரண்டும்தான் இந்த இன்ஜினின் பிறப்புச் சான்று.

பிங் சகோதரர்களின் நிறுவனம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் மிகப் பெரிய பொம்மைத் தொழிற்சாலைகளுள் ஒன்றாக இருந்தது. முதல் உலகப் போர்க் காலம் வரை அதன் பொருள்களில் ஜி.பி.என். என்ற மூன்றெழுத்து முத்திரை இருந்தது. 'கெப்ரூடர் பிங், நியூரம்பெர்க்' என்பதன் சுருக்கம் அது. நிறுவனத்தின் தலைவர் இக்னாஸ் பிங் 1918-இல் மறைந்த பிறகு அது 'பிங் வெர்க்கே' என்று பெயர் மாறியது, முத்திரையும் பி.டபிள்யூ. ஆயிற்று. 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார நெருக்கடியில் நொடித்துப்போனது. எல்.எம்.எஸ். தரும் கீழ் எல்லை 1923. நிறுவனத்தின் வீழ்ச்சி தரும் மேல் எல்லை 1930-களின் தொடக்கம். இரண்டையும் சேர்த்தால், ஏறத்தாழ பத்தாண்டு அகலமுள்ள காலம் தானாகவே கிடைத்துவிடுகிறது.

ஜெர்மானியர் ஏன் பிரிட்டிஷ் இன்ஜின்களைச் செய்தார்கள் என்ற கேள்வி எழலாம். நார்த்தாம்ப்டன் நகரைச் சேர்ந்த பாசெட்–லோக் என்ற வணிகர் 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் பிங் நிறுவனத்தாரின் பொம்மை ரயில்களைப் பார்த்து, அதே நேர்த்தியில் பிரிட்டிஷ் இன்ஜின்களைச் செய்து தரும்படி ஏற்பாடு செய்துகொண்டார். அன்றிலிருந்து பிரிட்டிஷ் கடைகளில் பிரிட்டிஷ் வண்ணம் பூசிய ஜெர்மன் ரயில்கள் நிறைந்தன. பாசெட்–லோக் வழியே விற்றவை உயர்ந்த ரகம். உங்களுடையது அவ்வகை அன்று. நான்கே சக்கரங்கள் கொண்ட இது, எந்த ஓர் உண்மையான இன்ஜினையும் அச்சாகப் பின்பற்றாமல், பொதுக் கடைகளுக்காகச் செய்யப்பட்ட மலிவான வகை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் பார்வையில், பிள்ளைகள் தரையில் ஓட்டி விளையாடுவதற்கென்றே செய்த இந்த மலிவு வகைகளுக்கு, அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் விலையுயர்ந்த மாதிரிகளிடம் இல்லாத ஒரு துடிப்பு உண்டு.

தம்பியின் வாதத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. லிவர்பூல் நகரில் மெக்கானோ நிறுவனத்தை நடத்திய ஃபிராங்க் ஹார்ன்பி, போருக்குப் பின் ஜெர்மன் பொருள்களின் மேல் பிரிட்டனில் நிலவிய வெறுப்பைப் பயன்படுத்திக்கொண்டு 1920-இல் தம் ரயில்களை அறிமுகம் செய்தார். அவரும் எல்.எம்.எஸ். வண்ணத்தில், சாவி கொடுத்து ஓடும் நான்கு சக்கர இன்ஜின்களை ஏராளமாக விற்றார். தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் ஹார்ன்பியின் தொடக்க கால இன்ஜின்கள் மெக்கானோ பாணியில் போல்ட்டும் நட்டும் கொண்டு பூட்டப்பட்டவை; பெரும்பாலானவற்றில் கெட்டியான எனாமல் வண்ணம் பூசப்பட்டிருக்கும்; லிவர்பூல், மெக்கானோ என்ற பெயர்கள் எங்காவது காணப்படும். உங்கள் படத்தைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, பாய்லரின் மேலுள்ள ரிவெட் தலைகள் மேடாக இல்லாமல் வெறும் அச்சுப் புள்ளிகளாகவே இருந்தன. மஞ்சள் ஓரக்கோடு தகடு மடியும் மூலையில் பிசிறின்றி வளைந்து மறுபக்கம் செல்கிறது. தட்டையான தகட்டில் முதலில் வண்ணப் படத்தை அச்சிட்டு, பிறகு வெட்டி மடித்து, சிறு நாக்குகளைத் துளைகளில் செருகி வளைத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே அடையாளம். ஹார்ன்பியும் மிக மலிவான சிலவற்றை அச்சுத் தகரத்தில் செய்ததால், இந்த ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. முத்திரையும் சேரும்போதுதான் தீர்ப்பு உறுதியாகிறது.

28 மி.மீ. பற்றி. நீங்கள் அளந்தது சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையே உள்ள தூரம். பொம்மை ரயில்களுக்குச் சொல்லப்படும் அகலம், தண்டவாளங்களின் உள் விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரமாகும். சக்கரத்தின் தடித்த விளிம்பு தண்டவாளத்துக்கு உள்ளே இறங்க வேண்டும் என்பதால், முதல் அளவு எப்போதும் குறைவாகவே வரும். பழைய தகர ரயில்களில் சக்கர இடைவெளி 28 மி.மீ. என்றால் தண்டவாள அகலம் 32 மி.மீ.; இதற்குத்தான் 'ஓ கேஜ்' என்று பெயர். ஒன்றாம் எண் அகலம் 45 மி.மீ., இன்று பரவலாகக் கிடைக்கும் எச்.ஓ., ஓ.ஓ. இரண்டுக்கும் 16.5 மி.மீ., என் கேஜுக்கு 9 மி.மீ. அளந்த எண்ணைப் பட்டியலில் தேடுவதற்கு முன், எதை அளந்தோம் என்பதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வேண்டுகோள். கொலுவுக்கு முன்பாகக் குத்துவிளக்கோடு சேர்த்து இதையும் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பித்தளைப் பாலிஷும் வேண்டாம். அச்சு வண்ணம் ஒரே தேய்ப்பில் போய்விடும், அதோடு முத்திரையும் போய்விடும். உலர்ந்த மென்தூரிகையே போதும். சாவியை ஒரு கடிகாரப் பழுதுபார்ப்பவர் அளவெடுத்துச் செய்து தருவார்; ஆனால் எண்ணெயே காணாமல் கிடந்த சுருள்வில்லை முழு இறுக்கத்துக்கு முறுக்க வேண்டாம், உறையைத் திறக்கவும் வேண்டாம். முறுக்கேறிய வில் விடுபட்டால் விரலைக் கிழித்துவிடும். அக்காலத்து வண்ணங்களில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதால், கைக்குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற என் தந்தையாரின் அறையில் பித்தளையும் எஃகும் கலந்து செய்த ஒரு நீராவி இன்ஜின் மாதிரி இருக்கிறது. டெண்டரோடு சேர்த்து 95 செ.மீ. நீளம். முன்னால் நான்கு சிறிய சக்கரங்கள், நடுவில் ஆறு பெரிய சக்கரங்கள், ஓட்டுநர் அறைக்குக் கீழே இரண்டு. ஒரு துண்டுத் தண்டவாளத்தின் மேல் நிற்கிறது. அதன் உள் அகலம் 50 மி.மீ. பெரிய சக்கரத்தின் விட்டம் 68 அல்லது 69 மி.மீ. எந்த முத்திரையும் இல்லை. தந்தையார் காலமாகிவிட்டதால் கேட்க ஆளில்லை. வெளிநாட்டு மாதிரியா?
— ஒரு வாசகர், சூரமங்கலம்

பதில்: முத்திரை இல்லாத மாதிரிகளுக்கு அளவுகோல்தான் சாட்சி. நீங்கள் இரண்டு அளவுகளைத் தந்திருப்பதால் வேலை எளிதாகிவிட்டது. நம் நாட்டு மீட்டர் கேஜ் பாதையில் தண்டவாள அகலம் 1000 மி.மீ.; அதை 50-ஆல் வகுத்தால் 20. மீட்டர் கேஜில் ஓடிய ஒய்.பி. வகைப் பயணி இன்ஜினின் பெரிய சக்கர விட்டம் 4 அடி 6 அங்குலம், அதாவது 1372 மி.மீ.; இருபதில் ஒரு பங்கு 68.6 மி.மீ. உண்மையான ஒய்.பி. டெண்டரோடு சேர்த்து ஏறத்தாழ 19 மீட்டர். இருபதில் ஒரு பங்கு 95 செ.மீ. மூன்று அளவுகளும் ஒரே விகிதத்தில் வந்து விழுகின்றன. நான்கு, ஆறு, இரண்டு என்ற சக்கர அமைப்பும் ஒய்.பி.யினுடையதே. ஆகவே இது 1:20 அளவில் செய்த ஒய்.பி. மாதிரி, சேலம் டவுனிலிருந்து விருத்தாசலம் வரை மீட்டர் கேஜ் பாதை இருந்த ஊர்க்காரர்களுக்கு அந்த இனம் அன்னியமன்று.

பழைய ஐரோப்பியப் பொம்மைகளில் இரண்டாம் எண் அகலம் என்று 51 மி.மீ. அளவில் ஒன்று இருந்தது என்பதால், தண்டவாளத்தை மட்டும் அளந்திருந்தால் ஏமாந்துபோக இடமுண்டு. சக்கர விட்டம் அந்த ஐயத்தைத் தீர்த்துவிடுகிறது. ஒய்.பி. இன்ஜின்கள் 1949 முதல் 1970 வரை செய்யப்பட்டவை; முதல் இருபது அமெரிக்காவின் பால்ட்வின் தந்தவை, பிறகு கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ், மூனிக்கின் கிராஸ்–மாஃபை, ஜாம்ஷெட்பூரின் டெல்கோ ஆகியவை செய்தன. மொத்தம் 871. எனவே உங்கள் மாதிரி 1949-க்கு முந்தையதாக இருக்க வழியில்லை.

அடுத்தது, யார் செய்தது. அரத்தால் ராவிய தடம், கையால் அறுத்த எண் பலகை, ஒன்றுபோல் மற்றொன்று இல்லாத கைப்பிடிக் குமிழ்கள் ஆகியவை இருந்தால் அது தொழிற்சாலைப் பொருளன்று. மரையையும் பாருங்கள். ஒரு சிறு திருகைக் கழற்றி லேத் பட்டறை ஒன்றில் மரை அளவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விட்டம் 3.6 மி.மீ., மரை இடைவெளி 0.66 மி.மீ. என்று வந்தால் அது பி.ஏ. எனப்படும் பிரிட்டிஷ் மரை வரிசையில் நான்காம் எண். பிரிட்டிஷ் வழியில் கற்ற பட்டறைக்காரர்கள் நுண்வேலைக்குப் பயன்படுத்தியது. 3 மி.மீ. விட்டமும் 0.5 மி.மீ. இடைவெளியும் வந்தால் மெட்ரிக். இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-இல் வந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது என்றாலும், மரை வெட்டும் பழைய கருவிகளான டேப்பும் டையும் பட்டறைகளில் வெகுகாலம் புழங்கின. ஆகவே மரையை வைத்து ஆண்டைச் சொல்ல முடியாது, செய்தவருடைய பயிற்சியை மட்டுமே ஊகிக்கலாம். உள்ளூர் ரயில்வே தொழிலாளி ஒருவரின் ஓய்வுநேரக் கைவேலை இது என்பதே எங்கள் கருத்து. அது உங்கள் தந்தையாராகவே இருக்கலாம். அவருடைய பழைய கருவிப் பெட்டியில் உள்ள டேப்புகள் இந்தத் திருகுகளோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

பாய்லரின் இணைப்புகளை, சேலத்துக்காரர் என்ற முறையில், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்யும் ஒருவரிடம் காட்டுவது நல்லது. சாம்பல் நிறத்தில், நகத்தால் கீறினாலே தடம் விழும்படி இருந்தால் அது ஈயப்பற்று. அது 200 டிகிரி செல்சியசுக்குள்ளாகவே உருகிவிடும் என்பதால், அந்த மாதிரி பார்வைக்காகச் செய்தது என்று கொள்ளலாம். கீறினால் தடம் விழாத, இளமஞ்சள் கலந்த வெள்ளிப்பற்றாக இருந்தால், அது 600 டிகிரிக்கு மேல்தான் இளகும். உண்மையாகவே நீராவியில் ஓட்டும் எண்ணத்தோடு செய்திருக்கிறார்கள். எதுவாயினும், தண்ணீர் அழுத்தச் சோதனை செய்யாமல் நெருப்பு மூட்ட வேண்டாம்.

கேள்வி: நீல நிறத்தில், முன்பக்கம் ஆப்பு வடிவில் சரிந்த, கைக்கு அடக்கமான ஓர் இன்ஜின் எங்களிடம் உள்ளது. 4498 என்ற எண்ணும் 'சர் நைஜல் கிரெஸ்லி' என்ற பெயரும் உள்ளன. உலோகத்தாலானது. சக்கரங்கள் வெடித்து, வெள்ளைப் பொடி உதிர்கிறது. மற்ற பொம்மைகளுக்கும் இந்தச் செல் பரவுமா? இதை மின்சாரத்தில் ஓட்டிப் பார்க்கலாமா?
— ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: இது ஹார்ன்பி டப்ளோ, மெக்கானோ நிறுவனம் 1938-இல் அறிமுகப்படுத்திய ஓ.ஓ. வரிசையின் முதல் இன்ஜின்களுள் ஒன்று. உண்மையான 4498, பிரிட்டனின் நான்கு பெரிய ரயில்வே கம்பெனிகளுள் மற்றொன்றான எல்.என்.இ.ஆர். (லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே) கம்பெனிக்காக டான்காஸ்டரில் 1937-இல் கட்டப்பட்டு, அதை வடிவமைத்தவரின் பெயரையே பெற்றது. 1946-இல் அந்தக் கம்பெனி எண்களை மாற்றியபோது அது 7 ஆயிற்று; போருக்குப் பின் வந்த டப்ளோவிலும் 7 என்றே போட்டார்கள். உங்களுடையதில் 4498 இருப்பதால், போரால் உற்பத்தி நிற்பதற்கு முந்தைய ஓரிரு ஆண்டுகளுக்குள் செய்யப்பட்டது.

வெடிப்பும் அதே காலத்தைத்தான் சொல்கிறது. துத்தநாகக் கலவையை வார்க்கும்போது சிறிதளவு ஈயம் கலந்துவிட்டாலும், உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்புத் தொடங்கி, வார்ப்பு உப்பி, பிளந்து, பொடியாகிறது. ஈரப்பதம் அதை விரைவுபடுத்தும். ஏற்காட்டு மூடுபனி அதற்குத் தோதானது. செல் என்று நீங்கள் எழுதியிருந்தாலும் இது உயிரி அன்று, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றாது. தொடங்கிவிட்டால் நிறுத்தவும் முடியாது. உலர்ந்த, வெப்பநிலை அதிகம் மாறாத அறையில் வைத்தால் வேகம் குறையும். பசை போட்டு ஒட்டினால் உப்பும் உலோகம் மறுபடியும் பிளந்துகொள்ளும்.

வீட்டு மின்சாரத்தில் நேராகச் செருகவே கூடாது. டப்ளோ மின் இன்ஜின் 12 வோல்ட் நேர்மின்சாரத்துக்கும் நடுவில் மூன்றாவது தண்டவாளம் உள்ள பாதைக்கும் உரியது. அதே இன்ஜின் சாவி கொடுக்கும் வகையாகவும் விற்கப்பட்டதால், முதலில் பக்கவாட்டில் சாவித் துளை இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் நடுத் தண்டவாளத்தைத் தொடும் உலோகப் பட்டை இருந்தால் மின்சார வகை. எதுவாக இருந்தாலும் வெடித்த சக்கரங்களோடு ஓட்ட வேண்டாம். மாற்றுச் சக்கரங்கள் வெளிநாட்டு மாதிரி ரயில் கடைகளில் கிடைக்கின்றன. புதியவற்றைப் பொருத்தினாலும் உடைந்த பழைய சக்கரங்களை ஓர் உறையில் போட்டு இன்ஜினோடு வைத்திருங்கள்.